முப்பத்தெட்டுப் பேர் பார்க்க

பஸ்ஸில் அக்காவுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கொக்கோ புளிக்க வைக்கிற கொட்டகையில் நாள் முழுக்க நிற்கிறவர்கள் மேல் ஒரு வாடை ஏறிவிடும். பாதி வினாகிரி, பாதி கள்ளு. குளித்தாலும் போகாது, உடுப்பை மாற்றினாலும் போகாது. என் மேலும் அந்த வாடை இருந்தது. அதனால் நான் கடைசி சீட்டில் ஜன்னலோரமாக ஒடுங்கிக்கொள்வேன். அக்கா ஒடுங்க மாட்டார். டிரைவருக்குப் பின்னால் உள்ள சீட்டில்தான் உட்காருவார்.

ஒரு நாள் குண்டசாலையில் ஏறிக் கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். கொண்டக்டர் புது ஆள். அக்காவைத் தாண்டிப் போனவன் திரும்பி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"என்னம்மா, காலையிலயே ஊத்திட்டு வந்தாச்சா? பின்னுக்குப் போங்க. நீங்க முன்னுக்கு இருந்தா ஆள் ஏறாது."

பஸ் சிரித்தது. அக்கா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"இருவத்தாறு" என்றார்.

"என்னக்கா?"

"பாத்தவங்க. கைப்புள்ளய சேக்கல."

ஒன்றரை மாதம் கழித்து அந்தப் பதில் போய்ச் சேர்ந்தது. கொக்கோப் பெட்டிகளை நாங்கள் வாழை இலை போட்டு மூடுவோம். ஆறு நாள் சூட்டில் கிடந்த பிறகு அந்த இலை கறுத்து, கொழகொழவென்று ஆகி, நாற்றம் குடலைப் பிடுங்கும். குழி வெட்டிப் புதைப்பதுதான் வழக்கம். அன்று மாலை அக்கா எங்கள் ஒன்பது பேர் கையிலும் ஆளுக்கொரு பை இலையைக் கொடுத்து, அதே கொண்டக்டருடைய பஸ் வரும் வரை காத்திருந்து ஏற வைத்தார். முன் சீட்டுகளில் உட்கார்ந்தோம். எல்லோரும் டிக்கெட் எடுத்தோம்.

"இது என்னம்மா?"

"வாழ எல தம்பி. மாட்டுக்கு."

தென்னக்கும்புரப் பாலம் வருவதற்குள் ஆட்கள் இறங்கத் தொடங்கிவிட்டார்கள். கொண்டக்டர் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் படியில் தொங்கிக்கொண்டு காற்று வாங்கினான். அக்கா இறங்குகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தாறாவது ஆள் இறங்கியதும் மணியை அடித்தார்.

"போதும் புள்ளைங்களா, எறங்குவோம்."

மீதித் தூரம் நடந்தே போனோம். இன்னும் இரண்டு தரிப்பிடம் இருந்திருந்தால் பஸ்ஸே காலியாகியிருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவன் எனக்கு இருவத்தாறுதான செஞ்சான்? கூட செஞ்சா நான் அநியாயக்காரி" என்றார்.

யாராவது ஏதாவது சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று, அப்போது சொல்லியிருக்க வேண்டிய பதிலை நினைத்துப் பார்க்கிற ஆள் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், கல்யாணம் கட்டிய வீட்டிலும் அப்படித்தான். அதனால் அன்று நாறிய கையோடு நடந்து போகும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. எனக்குச் செய்தவர்களுக்கும் சேர்த்து யாரோ கொடுத்தது மாதிரி இருந்தது.

அக்காவின் விரல் நுனிகள் எப்போதும் தவிட்டு நிறமாக இருக்கும். பச்சைக் கொக்கோக் காயை உடைத்துக் கொட்டையைத் தோண்டி எடுக்கிறவர்களுக்கு அந்தக் கறை போகாது. நாவலப்பிட்டியில் ஒரு கல்யாண வீட்டில் அவருடைய அண்ணி, "நீ தட்டத் தொடாத, கை அழுக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். நாலு பேர் என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை. நாலு பேர்தான். மூன்று வருடம் கழித்து அந்த அண்ணியின் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். அக்கா எங்கள் தொழிற்சாலையில் சொக்கலேட் சுற்றுகிற பிரிவில் போடுகிற வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு பரிமாறினார். ஏன் கையுறை என்று கேட்டவர்களுக்கெல்லாம், "என் கை அழுக்குன்னு அண்ணி சொன்னாங்க" என்றார், ரொம்பப் பணிவாக. நாலு பேர் கேட்டு முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவதாக வந்து கேட்டவரிடம், "அது ஒண்ணுமில்ல, சும்மா" என்றாராம்.

எங்கள் தொழிற்சாலை பல்லேகலப் பக்கம், மெயின் ரோட்டில் இருந்து உள்ளே போகிற பாதையில் இருந்தது. முதலாளி குடும்பம் கண்டி டவுனில் கடை வைத்திருந்தவர்கள். மகனைச் சின்ன முதலாளி என்போம், முகத்துக்கு நேரே சேர் என்போம். பெட்டிகளில் 'கண்டியின் பாரம்பரியச் சொக்கலேட்' என்று தங்க எழுத்தில் அச்சடித்தவர் அவர்தான். வருகிற விருந்தாளிகளிடம், தன் தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறையாகக் கைப்பக்குவம் மாறாமல் செய்கிறோம் என்பார். தாத்தா விற்றது கருவாடு என்று அக்கா சொல்வார். அக்காவின் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் தும்பறைப் பக்கக் கொக்கோத் தோட்டங்களில் காய் பறித்தவர்கள். அக்கா கலியாணம் கட்டித்தான் மடுல்கெல்லைக்குப் போய்த் தேயிலை மலை ஏறினார். புருஷன் போன பிறகு திரும்பி வந்து கொக்கோவில் கை வைத்தார். பாரம்பரியம் என்று அந்த இடத்தில் ஏதாவது இருந்தது என்றால் அது அவரிடம்தான் இருந்தது. அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை.

கொக்கோக் கொட்டையை ஆறு நாள் மரப்பெட்டியில் புளிக்கவிட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவை மரச்சவளால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தள்ளிக் கிளற வேண்டும். ஆவி முகத்தில் அடிக்கும், கண் எரியும், ஒன்றரை மணித்தியாலம் ஆகும். கிளறி முடித்ததும் பெட்டியின் பலகையில் வெண்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். அந்தக் கோட்டை நம்பித்தான் மற்ற வேலையெல்லாம். பிறகு காயவைத்து, ஐம்பது கொட்டையை எடுத்து நீளவாக்கில் வெட்டி வெள்ளைப் பலகையில் பரப்பிப் பார்ப்பார்கள். உள்ளே மண்ணிறமாக இருந்தால் நல்லது. ஊதாவாக இருந்தால் புளிக்கவிட்ட நாள் காணாது. சாம்பலும் பூஞ்சணமும் என்றால் குப்பை. அக்கா பொறுப்பில் இருந்த பெட்டிகளில் ஐம்பதுக்கு நாற்பத்தெட்டுக்குக் கீழே நான் பார்த்ததில்லை. அக்கா கொட்டகையில் கோடு இருந்தால் வேலை நடந்திருக்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். அவருக்கு இருந்த பேர் அது ஒன்றுதான்.

அந்தப் பேரைக் கெடுத்தவள் நான்.

கண்டிப் பெரஹரா ஊர்வலங்கள் முடிகிற நாள். அக்கா தன் தம்பியின் வருட நினைவுப் பூசைக்கு மடுல்கெல்லைக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது என்னிடம், "மூணாவது பெட்டிய மட்டும் கிளறிட்டுப் போ புள்ள" என்றார். அவர் சொன்னது வேறு யார் காதிலும் விழவில்லை. என் மகள் ஹொஸ்டலில் இருந்து வந்து கண்டியில் காத்திருந்தாள். பகல் பெரஹராவைச் சேர்ந்து பார்ப்பது என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ரோட்டை மூடுவதற்கு முன்னால் கடைசி பஸ் வந்து நின்றது. நான் பெட்டியைக் கிளறவில்லை. கோட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். மறுநாள் வந்து செய்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் அக்கா எனக்கு முன்னால் வந்துவிட்டார். அன்று பார்த்து மழை. வெளியே காய்கிற கொட்டையைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கவில்லை. கோட்டை நம்பினார். அவர் முன்னால் நான் எப்படிப் பெட்டியைத் திறப்பேன்? அது இரண்டு நாளுக்குப் பதிலாக நாலு நாள் அப்படியே கிடந்தது.

ஒரு பெரிய ஹோட்டலுக்குப் போக வேண்டிய சரக்கு. வெட்டிப் பரப்பியபோது பலகையில் பாதி பூஞ்சணம். மறுநாள் காலையில், எல்லோரும் வரிசையில் நிற்கிற நேரத்தில், சின்ன முதலாளி அக்காவை முன்னால் கூப்பிட்டார்.

"கோட்டப் போட்டுட்டுத் தோட்டத்துக்கு ஓடியாச்சு, இல்ல? எங்க கொண்டு வந்து வச்சாலும் தோட்டத்துப் புத்தி போகாது!"

அக்கா ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். பிறகு, "என் பொறுப்புதான் சேர்" என்றார். கொட்டகையிலிருந்து எடுத்து அவரைத் தோல் புடைக்கிற இடத்தில் போட்டார்கள். வறுத்த கொட்டையின் தோல் தூசு நெஞ்சில் போய் அடைக்கிற வேலை அது.

குழாயடியில் அவர் காலைப் பிடிக்காத குறையாக நின்றேன்.

"பயப்படாத புள்ள. ஒன்ன அவருக்கு விட்டுக்குடுக்க மாட்டேன்" என்றார்.

எவ்வளவு நல்ல மனசு என்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டை தாண்டும்போதுதான் அவர் சொன்னதன் அர்த்தம் எனக்கு உறைத்தது. என்னை அவர் தனக்காக வைத்துக்கொண்டார்.

மறுநாள், "மன்னிச்சிருங்கக்கா" என்றேன்.

"அத எங்கிட்ட சொல்லி என்னா புண்ணியம்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதது முப்பத்தெட்டுப் பேருக்கு."

அந்த முப்பத்தெட்டுப் பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒவ்வொரு காலையும் இன்று சொல்லிவிடுவேன் என்று போவேன். வரிசையில் நிற்பேன். வரிசை கலைந்ததும் கொட்டகைக்குப் போய்விடுவேன். இப்படியே பதினொரு மாதம் போனது. அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் இருமிக்கொண்டே வந்து என் எதிரில் உட்கார்ந்து, "சாப்பிட்டியா புள்ள?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

சின்ன முதலாளியின் முறை முதலில் வந்தது. அக்கா போன பிறகு அவர் ஆறு நாளை நாலு நாளாகக் குறைத்திருந்தார். கொழும்பிலிருந்து ஹோட்டல்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் ஒரு பெரிய பஸ்ஸில் பார்க்க வந்தார்கள். படம் பிடிப்பதற்காக அக்காவுக்குச் சிவப்புச் சேலை கட்டி, கையில் சுளகைக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். சின்ன முதலாளி தாத்தாவைப் பற்றியும் ஆறு நாள் பக்குவத்தைப் பற்றியும் சொல்லி முடித்தபோது அக்கா மெல்லக் கேட்டார்.

"சேர், வெட்டிக் காட்டட்டுமா? ஆசப்படுறாங்க."

கூட வந்த கைட் அதை மொழிபெயர்த்துவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். சின்ன முதலாளியால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அக்கா கத்தியை எடுத்துவிட்டு, கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"டிரைவர் அண்ணே, அங்க என்ன செய்யிறீங்க? நீங்களும் வாங்க. வந்து பாருங்க."

நானும் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு பேர்தான் உள்ளே இருந்தார்கள்.

ஐம்பது கொட்டை. ஒவ்வொன்றாக வெட்டினார், அவசரமே இல்லாமல். வெள்ளைப் பலகையில் ஊதா நிறம் வரிசை வரிசையாக ஏறியது. வந்தவர்களில் கொக்கோ தெரிந்த ஒரு வயதான வெள்ளைக்காரர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அக்கா தமிழிலேயே எண்ணினார். "ஊதா முப்பத்தி ஒண்ணு. இது நாலு நாளு சரக்கு. ஆறு நாள் வச்சா இப்படி வராது. சின்ன முதலாளியோட தாத்தா கோவிச்சுக்குவாரு."

கைட் அதையும் மொழிபெயர்த்தான்.

ஒரு வாரத்தில் அக்காவை மறுபடியும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டார்கள். வேறு வழி இல்லை. சரக்கு எடுக்கிறவர்கள் அந்தச் சிவப்புச் சேலைக்காரி எங்கே என்று கேட்டார்களாம். வந்த முதல் நாள் சவளைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவருது முடிஞ்சிச்சு" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. பெட்டியைக் கிளறினால் திரும்பிப் பார்ப்பேன். கோட்டைப் போட்டால் நின்று பார்ப்பேன். ஒரு நாள் நாலாவது பெட்டியைக் கிளறி முடித்து, உள்ளங்கை கொப்பளித்த கையோடு கோட்டைப் போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் காலை சின்ன முதலாளி வரிசைக்கு முன்னால் நின்று என் பேரைக் கூப்பிட்டார். நாலாவது பெட்டியில் கோடு இல்லை.

"நான் கிளறினேன் சேர்" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"கிளறினா கோடு எங்க? ஒங்க கொட்டகையில எல்லாருமே இதுதானா?"

பிறகு ஓடிப் போய்ப் பார்த்தேன். பலகையில் அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. செய்யாத வேலைக்கு நான் கோடு போட்டிருந்தேன். செய்த வேலைக்கு அக்கா கோட்டை அழித்திருந்தார். பெட்டிக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. பிறகு வெட்டிப் பார்த்தபோது அதில் நாற்பத்தொன்பது மண்ணிறம். கிளறாமல் அது எப்படி வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காதவர்களில் ஒருத்தியாக நான் இருக்க முடியவில்லை.

என்னைத் தோல் புடைக்கப் போட்டார்கள். பதினொரு மாதம். தூசு எப்படி நெஞ்சில் இறங்குகிறது, மூன்றாவது மாதத்தில் இருமல் எப்படித் தொடங்குகிறது என்றெல்லாம் தெரிந்துகொண்டேன். அக்கா தினமும் வந்து எதிரில் உட்கார்ந்தார். தன் சம்பலில் பாதியை என் சோற்றில் வைத்தார். எனக்கு அவர் மேல் வெறுப்பு ஊறியது. குசினியில் நின்று அவருக்குச் சொல்ல வேண்டிய பதில்களை நினைத்தேன். ஒரு பதிலும் நிற்கவில்லை, எல்லாம் பெரஹரா நாளில் போய் முட்டியது.

பதினொரு மாதம் முடிந்த நாள் காலை, வரிசையில் நின்ற அக்கா தானாக முன்னால் போனார்.

"சேர், நாலாம் பெட்டிக் கோட்ட அழிச்சது நான். இவ கிளறித்தான் இருந்தா. இன்னைக்கோட சரி. இதுக்கு மேல ஒரு நாள் இவ தூசு தின்னா அது என் தலையில ஏறும்."

"என்னது?" என்றார் சின்ன முதலாளி. அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. தன் பங்கை எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டு நின்றார்.

நான் ஒரு அடி முன்னால் வந்தேன். "மூணாம் பெட்டி" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பெரஹரா அன்னைக்கு மூணாம் பெட்டிய நான் கிளறல. பொய்க் கோடு போட்டது நான். அக்கா இல்ல."

சின்ன முதலாளி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் விட்டால் கொட்டகை வேலை முழுக்கத் தெரிந்த ஆள் இல்லை. "போங்க, போய் வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டு ஒஃபிசுக்குள் போய்விட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். அக்கா வரிசையை விட்டு நகரவில்லை. ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தஞ்சு" என்றார். "மூணு கொறையுது."

வேலையை விட்டுப் போனவர்கள். ஒருத்தி சவூதியில், ஒருத்தர் கொழும்பில். அவர்கள் இரண்டு பேருக்கும் அன்றே மத்தியானம் வீடியோ கோல் எடுத்து, போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். மூன்றாவது ஆள் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த வயதான அம்மா. அவரிடம் போன் இல்லை. மகனோடு மடுல்கெல்லையில் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசை முடிந்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டியிருந்த வீடுகளில் கடைசிக்கு முந்தினது. அந்த அம்மா எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, பிளேன்டீ ஊற்றி, சீனியைக் கையில் வைத்துக் கொடுத்தார். நான் குடிக்காமல் நின்றபடியே சொல்லிவிட்டேன். மூன்றாவது பெட்டி, பொய்க் கோடு, சின்ன முதலாளி ஏசியது அக்காவுக்கு வர வேண்டிய ஏச்சு இல்லை என்பது, எல்லாம்.

அந்த அம்மா என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன ஆத்தா சொல்ற? இவளயா ஏசுனாரு? எனக்கு அப்புடி ஒண்ணும் ஞாபகமே இல்லையே."

அக்காவின் முகம் அப்படிச் செத்துப்போனதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகச் சுமந்த ஒன்று, அதைக் கண்ணால் பார்த்த ஒரு ஆளின் மனதில் இல்லவே இல்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப மொதல்லருந்து சொல்லு, புள்ள. சின்ன முதலாளி என்ன சொன்னாருன்னு சொல்லு."

சொன்னேன்.

"இப்படி மொணமொணன்னா சொன்னாரு? அவரு கத்துன மாதிரி கத்து. அப்பதான் அம்மாவுக்கு ஞாபகம் வரும்."

"அக்கா, இது லயம். வேணாங்க."

"கத்து."

என் வாழ்க்கையில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அக்காவின் முகத்துக்கு நேரே நின்று, தோட்டத்துப் புத்தி போகாது என்று, அந்த லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. தலையில் துவாய் சுற்றியிருந்த ஒரு பெண் கரண்டியோடு வெளியே வந்தாள். தண்ணீர்க் குழாயில் நின்றவர்கள் குடத்தைப் போட்டுவிட்டு வந்தார்கள். "யாரு இவ? யாரப் பாத்துத் தோட்டத்துப் புத்திங்கிறா?" என்று ஒருவர் சட்டையை மாட்டிக்கொண்டே இறங்கினார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசல் வாசலாகப் பார்த்துக்கொண்டு, உதடு அசைய, எண்ணிக்கொண்டிருந்தார்.